டேய் சொல்லாத ஐந்து நிமிடம்

பள்ளி ஆண்டு விழாவில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு 'எங்கள் வீடு' என்று ஒரு சின்ன நாடகம் கொடுத்திருந்தார்கள். ஒரு பெண் குழந்தை அம்மா, இன்னொரு குழந்தை பாப்பா, கனகராஜின் மகன் தருண் அப்பா. மீசை வரைந்து, கையில் ஒரு பெட்டியைக் கொடுத்து, "நான் வேலைக்குப் போய் வருகிறேன்" என்று சொல்லும்படி பிரவீணா மிஸ் பல நாளாகப் பழக்கியிருந்தார்.

மேடைக்கு வந்ததும் தருணுக்கு அந்த வரி மறந்துபோனது. கூட்டத்தைப் பார்த்தான். மைக்கைப் பார்த்தான். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, தனக்குத் தெரிந்த அப்பாவை நடித்துக் காட்டினான்.

"டேய்! எத்தன வாட்டி சொல்றது? கைய எடு! எடுன்றேன்ல? ஒன்னுத்துக்கும் லாயக்கில்ல நீ!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. செஞ்சி கடைவீதியில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருக்கும் கனகராஜும் முதலில் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான். அவன் கடைக்குப் பக்கத்துத் துணிக்கடைக்காரர் ராஜாங்கம், தன் பேத்தியின் நடனத்தைப் பார்க்க வந்தவர், அவன் தொடையில் ஒரு தட்டு தட்டினார்.

"அப்டியே நீதான் கனகு. கழுத்த சாய்க்கிறத கூட விடல பாரு."

கைதட்டல் கேட்ட தருணுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாப்பாவாக நடித்த குழந்தையின் பக்கம் திரும்பி, "தோல உரிச்சிடுவேன்!" என்று கையை ஓங்கினான். அந்தக் குழந்தை வீறிட்டு அழுதது. சிரிப்பு பாதியில் நின்றது. பிரவீணா மிஸ் ஓடிவந்து அழுத குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தருணை இன்னொரு கையில் பிடித்தபடி மேடையை விட்டு இறங்கினார்.

வெளியே வரும்போது தருண் துள்ளிக்கொண்டு வந்தான்.

"நைனா, நான் நல்லா நடிச்சேனா?"

கனகராஜ் ஸ்கூட்டர் சாவியைத் தேடுவதுபோலச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தான். சாவி கையில்தான் இருந்தது. அவன் மனைவி சாந்திதான் பதில் சொன்னாள்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி பேசின தருண்."

மேடையில் நடந்தது கடையில் தினமும் நடப்பதுதான். மதியம் பள்ளி விட்டதும் தருண் கடைக்கு வந்துவிடுவான். சாந்தி கல்லாவில் இருப்பாள், கனகராஜ் வியாபாரம் பார்ப்பான். கொஞ்ச நேரம் பையன் ஒரு மூலையில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருப்பான். பிறகு ஒரு டம்ளர் உருளும். பிறகு ஒரு குக்கர் மூடி. "டேய்!" அந்தச் சத்தம் நாலு கடை தள்ளிக் கேட்கும். தருண் நிறுத்தமாட்டான், அடுத்த சாமானை இன்னும் வேகமாகத் தள்ளுவான். முதுகில் ஒன்று விழும். அவன் போடும் ஓலத்தில் வந்தவர்கள் விலை கேட்பதுகூடக் காதில் விழாது. சாந்தி போனை எடுத்து அவன் கையில் கொடுப்பாள். உடனே அமைதி.

"நீ போனக் குடுத்தே கெடுக்கற" என்பான் கனகராஜ்.

"நீங்க அடிச்சு அழ வெக்கறீங்க. நான் இன்னா பண்றது?" என்பாள் சாந்தி.

மறுநாள் மறுபடியும் டம்ளர் உருளும்.

விழா முடிந்த வாரமே பிரவீணா மிஸ் இருவரையும் பள்ளிக்கு வரச் சொன்னார்.

"பையனுக்கு எதுனா கோளாறா மிஸ்?" என்று கேட்டான் கனகராஜ்.

"பையனுக்கு ஒன்னும் இல்ல சார். தங்கமான பையன். விழுப்புரத்துல அனுஷான்னு ஒரு மேடம் இருக்காங்க. சின்னப் பிள்ளைங்க வெச்சிருக்கற அப்பா அம்மாவுக்குப் பழக்கிக் குடுக்கறாங்க. எங்க அக்காவே போனாங்க."

"எங்களுக்கா?"

"ஆமா சார். உங்களுக்குத்தான்."

வெளியே வந்ததும் கனகராஜ் முணுமுணுத்தான். "நான் ஸ்கூல் படிச்சப்போ எங்க நைனாவக்கூட ஒருநாள் கூப்ட்டு அனுப்பினதில்ல."

"அதுக்கும் சேத்து இப்ப உங்களயே கூப்ட்டாங்க" என்றாள் சாந்தி. கோபமாகப் பார்க்க நினைத்தவன் சிரித்துவிட்டான்.

அனுஷாவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அவருடைய அறையில் பாய் விரித்து விளையாட்டுச் சாமான்கள் பரப்பியிருந்தது. ஒரு பக்கச் சுவரில் பெரிய கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் இங்கே நடப்பது தெரியும். கனகராஜின் காதில் ஒரு சின்ன இயர்போனை மாட்டிவிட்டார்.

"முதல்ல நான் எதுவும் சொல்லமாட்டேன். நீங்க வழக்கமா எப்படி இருப்பீங்களோ அப்படியே தருணோட விளையாடுங்க சார்."

கனகராஜ் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். "இது இன்னா கலர்? இது? தப்பு, நல்லா பாத்து சொல்லு. அத்த எடு. அது வேணாம், இத்த எடு. நேரா வை. பாத்து, விழப் போவுது பாரு... விழுந்துச்சா? சொன்னேன்ல?"

தருண் கையிலிருந்த கட்டையைச் சுவரில் விட்டெறிந்தான்.

அனுஷா உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். சாந்தியையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சார், நடுவுல கொஞ்ச நேரம் அவன் அமைதியா அடுக்கினான். அப்ப நீங்க என்ன நினைச்சீங்க?"

"அப்பாடா, சும்மா இருக்கான்னு நெனச்சேன்."

"கடையிலயும் அப்படித்தானா?"

"ஆமா மேடம். அப்பதான கடைக்கு வர்றவங்கள கவனிக்க முடியும்."

"ஆக, நல்லா இருந்தா நைனா திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரு. ஒரு டம்ளர உருட்டினா ஓடி வருவாரு. அவன் இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?"

கனகராஜ் உண்மையாகவே யோசித்தான். "ரெண்டு டம்ளரா உருட்டுவேன்."

சாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அனுஷா அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் இருக்கு சாந்தி. அழுதா போன் கிடைக்கும்னு தெரிஞ்சுபோச்சுன்னா, அவன் எதுக்கு அழாம கேக்கணும்?" சாந்தியின் சிரிப்பு அடங்கியது.

பிறகு அனுஷா விளக்கினார். தினமும் ஐந்து நிமிடம், அந்த நேரத்துக்குப் பையன்தான் ராஜா. கேள்வி கேட்கக் கூடாது, வேலை ஏவக் கூடாது, குறை சொல்லக் கூடாது. அவன் என்ன செய்கிறானோ அதைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நன்றாகச் செய்தால் 'குட் பாய்' என்று மொத்தமாகச் சொல்லாமல் எது நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். சின்னச் சேட்டை என்றால் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும், ஆபத்து என்றால் மட்டும் உடனே தடுக்க வேண்டும். அடி என்ற பேச்சே கிடையாது.

கனகராஜ் மறுபடியும் பாயில் உட்கார்ந்தான். அனுஷா சாந்தியோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார்.

"நீலக் கட்டைய எடுத்திருக்கன்னு சொல்லுங்க சார்" என்றது காதில் குரல்.

"நீலக் கட்டைய எடுத்திருக்கன்னு சொல்லுங்க சார்" என்றான் கனகராஜ், பதற்றத்தில்.

தருண் நிமிர்ந்து பார்த்தான்.

"இல்ல சார், 'சொல்லுங்க சார்' வேணாம்."

"சரிங்க மேடம்."

"யாரு மேடம்?" என்று தருண் அறையைச் சுற்றித் தேட ஆரம்பித்தான். அனுஷாவும் சாந்தியும் அடக்க முடியாமல் சிரிப்பது கனகராஜின் காதுக்குள் நன்றாகவே கேட்டது.

ஊர் திரும்பிய மறுநாள் மதியம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கனகராஜ் மகனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான். தருண் டம்ளர் அடுக்கினான். கேள்வியையும் ஏவலையும் எடுத்துவிட்டால் தனக்குப் பேச எதுவுமே இல்லை என்பது அப்போதுதான் கனகராஜுக்குத் தெரிந்தது. நாள் முழுக்க வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் பேசுகிறவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"டம்ளர்" என்றான் கடைசியில்.

"ஆமா. டம்ளர்" என்றான் தருண், அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்த்து.

ராஜாங்கம் எட்டிப்பார்த்தார். "இன்னா கனகு, ரெண்டு பேரும் தியானமா?"

கனகராஜ் விஷயத்தைச் சொன்னான். ராஜாங்கம் கேட்டுவிட்டு, "அவன் செய்யறத பாத்து சொல்லணும், அவ்ளோதான? கிரவுண்டுல மைக்கப் புடிச்சா உடமாட்டியே, அது மறந்துடுச்சா?" என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி எங்கே நடந்தாலும் கமெண்ட்ரிக்குக் கனகராஜைத்தான் கூப்பிடுவார்கள். அவலூர்பேட்டையிலிருந்துகூட ஆள் அனுப்புவார்கள். ஒருவன் சிக்ஸர் அடித்தால், பந்து ராஜகிரிக் கோட்டை மலை உச்சிக்கே போய்விட்டதாகச் சொல்லிக் கூட்டத்தை எழுந்து நிற்கவைப்பான். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இதோ, செஞ்சியின் சிங்கம் தருண் களத்துல எறங்கறாரு! கையில நீட்டு டம்ளர். எதிர்ல மூணு மாடி கோபுரம். மெதுவா வர்றாரு, ரொம்ப மெதுவா வர்றாரு... கை ஆடல, அசையல... வெச்சிட்டாரு! நின்னுடுச்சு! இன்னா பொறுமை, இன்னா பொறுமை!"

தருண் அப்படியே நின்றான். கண் இரண்டும் விரிந்திருந்தன. பிறகு அப்பாவின் வாயிலிருந்து பார்வையை எடுக்காமல் அடுத்த டம்ளரை எடுத்தான். குக்கருக்கு ரப்பர் வாங்க வந்த இரண்டு பெண்கள் வாங்கியும் போகாமல் நின்றார்கள். ஐந்தாவது மாடியில் கோபுரம் சரிந்து கடையே அதிர்ந்தது. கனகராஜின் தொண்டை வரை ஒரு சத்தம் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "கோபுரம் சரிஞ்சிடுச்சு. ஆனா ஆட்டக்காரர் கலங்கல!" என்றான். ஆட்டக்காரர் உண்மையிலேயே கலங்கவில்லை. உட்கார்ந்து முதலிலிருந்து அடுக்கத் தொடங்கினான். அந்தப் பெண்களில் ஒருத்தி கைதட்டினாள்.

எல்லாமே இப்படிச் சுலபமாகப் போய்விடவில்லை. அழுதால் போன் இல்லை என்று சாந்தி முடிவெடுத்ததும் அழுகை குறைவதற்குப் பதில் கூடியது. முதலில் கூடத்தான் செய்யும் என்று அனுஷா சொல்லியிருந்தார். ஆனால் அதைக் காதால் கேட்பது வேறு. தருண் கல்லாவின் காலைப் பிடித்துக்கொண்டு கத்துவான். சாந்தி இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "கனகு, உன் பழைய 'டேய்'யே பரவால்லப்பா" என்று ராஜாங்கம் அந்தப் பக்கமிருந்து சொல்வார். அழுகை நின்ற அந்த நொடியே சாந்தி திரும்பி, "நீயே நிறுத்திட்ட பாரு. வா, சாப்டலாம்" என்று கையை நீட்டுவாள். ஒருநாள் தருண் அழாமல் வந்து நின்றான். "ம்மா, போன் கொஞ்ச நேரம் தரியா?" சாந்தி கொடுத்தாள். திரும்ப வாங்கும்போது கொஞ்சம் இழுபறி இருந்தது. ஆனாலும் திரும்பி வந்தது.

கனகராஜுக்கு வாயில் பாதி வந்துவிட்ட சொல்லை என்ன செய்வது என்பதுதான் பெரும்பாடு. "டே... டேபிள் ஆடுது, எறங்கி வா" என்பான். "டே... டேஸ்டா இருக்குதா?" என்பான், பையன் சுண்ணாம்பை நக்கிப் பார்க்கும்போது. பிறகு தலையில் அடித்துக்கொண்டு சுண்ணாம்பைப் பிடுங்குவான்.

தை பிறந்ததும் முகூர்த்தக் கூட்டம் வந்தது. ஒருநாள் அவலூர்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் மகளுக்குச் சீர் பாத்திரம் எடுக்க வந்திருந்தது. குடம், அண்டா, டிபன் பாக்ஸ் எல்லாம் தரையில் பரப்பியிருந்தது. கனகராஜ் ஒரு குடத்தைப் பிடித்துக்கொண்டு மிஷினில் கல்யாணப் பெண்ணின் பெயரை வெட்டிக்கொண்டிருந்தான். அந்த இரைச்சலில், மேல் தட்டில் இருந்த நீட்டு டம்ளருக்காகத் தருண் ராக்கில் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. ஒரு தட்டு முழுக்கக் கலகலவென்று சரிந்து கீழே வந்தது.

"டேய்!"

முழுசாகவே வந்துவிட்டது, பழைய சத்தத்தோடு. இரண்டே எட்டில் போய் மகனைக் கீழே இழுத்து இறக்கி, கையை ஓங்கினான்.

தருண் ஓடவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு, தோளைக் காதுவரை தூக்கி, அடி விழுவதற்கு முன்பே முகத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றான். கனகராஜ் எத்தனையோ முறை அடித்திருக்கிறான். அடி வருமென்று காத்திருக்கும் அந்த முகத்தை இதுவரை பார்த்ததில்லை. கை தானாகவே இறங்கியது. அவன் மகனுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தான்.

"நைனா கத்திட்டேன். பயந்துட்ட இல்ல?"

தருண் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "அடிக்கலியா?"

"அடிக்கல. ஆனா ராக்குல ஏறக் கூடாது. விழுந்தா மண்ட ஒடஞ்சிடும். இப்ப ரெண்டு பேரும் டம்ளர எல்லாம் பொறுக்கி இந்தக் கூடையில போடலாம்."

"எங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாவுதுங்க" என்றாள் பெண்ணின் தாய்.

"ரெண்டு நிமிஷம்மா."

அப்பாவும் மகனும் பொறுக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் தகப்பனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் குனிந்தார். "தம்பி, அண்டாவுக்குப் பின்னால ஒன்னு ஒளிஞ்சினு இருக்குது பாரு." தருண் அண்டாவைச் சுற்றி ஓடி அதைப் பிடித்து வந்தான். கூடை நிறைந்தபோது அவன் முகமும் தெளிந்திருந்தது.

கனகராஜின் மனம் தெளியவில்லை. சாயங்காலம் அனுஷாவுக்குப் போன் செய்தான்.

"எல்லாம் போச்சு மேடம். பழையபடி கத்திட்டேன். கையக்கூட ஓங்கிட்டேன்."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

அவன் சொன்னான். அனுஷா பதில் சொல்ல வாயெடுத்தபோது, அந்தப் பக்கம் ஏதோ தடாலென்று விழுந்தது. ஒரு குழந்தை கிக்கிக்கென்று சிரித்தது. "ஒரு நிமிஷம் சார்" என்றார். பிறகு போனுக்குத் தள்ளி அவர் குரல் கேட்டது. "ஏய்! எத்தன தடவ சொல்றது உனக்கு!"



"மேடம்?" என்றான் கனகராஜ் மெதுவாக.

"சார்... அது எங்க வீட்டுப் பாப்பா. மாவு டப்பாவக் கவுத்துட்டா."

கனகராஜுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அனுஷாவும் சிரித்துவிட்டார். "கத்தவே கத்தாத அப்பா அம்மாவ நானும் தேடிட்டுத்தான் சார் இருக்கேன். இதுக்கு முன்னாடி கத்தினா அடியில போய் முடியும். இன்னிக்குக் கத்தினீங்க, நிறுத்தினீங்க, குந்தி உக்காந்து பேசினீங்க. இது போச்சுன்னா சொல்றீங்க? சரி, நான் போய் மாவப் பாக்கறேன்."

"போங்க மேடம். பாப்பாவையும் சேத்துக்கினு பெருக்குங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு மூன்று பேரும் செஞ்சிக் கோட்டைக்குப் போனார்கள். கல்யாண மகாலுக்கு முன்னால் புல்வெளியில் தருண் ஓடித் தீர்த்தான். பழைய நெற்களஞ்சியத்துப் படிகளில் ஏறி இறங்கினான். குரங்கு ஒன்று யாருடைய பொரி பாக்கெட்டையோ பிடுங்கிக்கொண்டு போனதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தான். பிறகு ராஜகிரியை நிமிர்ந்து பார்த்து, "மேல போலாம்" என்றான்.

"இப்ப மேல விடமாட்டாங்கடா கண்ணு. காலையில வந்தாதான் விடுவாங்க. நேரமாச்சு, வூட்டுக்குப் போலாம்" என்றான் கனகராஜ். வாட்ச்மேனும் எல்லோரையும் வெளியே அனுப்ப விசில் ஊதத் தொடங்கியிருந்தார்.

"மேல போணும்!"

தருண் புல்லில் விழுந்து உருண்டான். காலை உதைத்தான். வேனில் வந்திருந்த வெளியூர்க் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"முதுகுல ஒன்னு வையிங்க தம்பி, தானா எழுந்துக்குவான்" என்றார் ஒரு பெரியவர்.

"பாவம், போனக் குடுங்கம்மா, நிறுத்திடுவான்" என்றாள் ஒரு அம்மாள்.

சாந்தியின் கை பையின் ஜிப்பைப் பாதி திறந்துவிட்டது. கணவனைப் பார்த்தாள். கனகராஜ் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். அவள் ஜிப்பை மூடினாள்.

கனகராஜ் மகன் பக்கத்தில் குனிந்தான். "மேல போவ முடியலன்னு உனக்குக் கோவம். எனக்குப் புரியுது. நாங்க இங்கதான் உக்காந்துனு இருப்போம்." கொஞ்சம் தள்ளிப் புல்லில் உட்கார்ந்தான். சாந்தியும் உட்கார்ந்தாள். ஓலம் காதைத் துளைத்தது.

"இப்ப இன்னா பண்றது?" என்றாள் உதட்டை அசைக்காமல்.

"அவனப் பாக்காத. எதுனா பேசு."

"இன்னா பேசறது?"

"எதுனா."

சாந்தி மலையைப் பார்த்தாள். "நாம மேல ஏறி எத்தன வருஷமாச்சு?"

"கல்யாணமான புதுசுல ஒருவாட்டி ஏறினோம். பாதியிலயே உன் செருப்பு அறுந்துடுச்சு."

"என் செருப்பா? அறுந்தது உங்க செருப்பு. என் கைக்குட்டைய வாங்கிக் கட்டினீங்க."

"நான் எங்க கட்டினேன்? உன் கால்லதான் கட்டிவிட்டேன்."

"பொய்! கீழ வர வரைக்கும் நொண்டினு வந்தது யாரு?"

"அது சுளுக்கு."

"அப்ப ஒத்துக்கறீங்க, நொண்டினது நீங்கதான்னு!"

கனகராஜ் சிரித்தான். சாந்தி அவன் தோளில் இடித்தாள். கடை, சரக்கு, பையன் என்பதைத் தவிர வேறு எதைப் பற்றியாவது இப்படிப் பேசி எத்தனையோ காலமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் சண்டை போட்டார்கள். பிறகுதான் இருவருக்கும் உறைத்தது, சத்தமே இல்லை. தருண் எழுந்து உட்கார்ந்து, கன்னத்தில் புல் ஒட்டியிருக்க, இவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு செருப்பு?" என்றான்.

"அம்மா செருப்பு" என்றான் கனகராஜ்.

"நைனா செருப்பு" என்றாள் சாந்தி.

தருண் தவழ்ந்து வந்து இருவருக்கும் நடுவில் இடம் பிடித்தான். கனகராஜ் அவன் கன்னத்துப் புல்லைத் தட்டிவிட்டான். "அவ்ளோ கோவம் வந்துது, நீயாவே அழுகைய நிறுத்திட்டு வந்து உக்காந்துட்ட. பெரிய வேல இது."

"நாளைக்கு மேல போலாமா?"

"நாளைக்கு ஸ்கூல் இருக்குது. வர ஞாயித்துக்கெழம காலையிலயே வந்துடலாம். உன்னால எவ்ளோ தூரம் முடியுதோ அவ்ளோ தூரம் ஏறலாம்."

தருண் யோசித்துவிட்டுத் தலையாட்டினான். வாட்ச்மேன் விசிலோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா சார் இது? புள்ள அப்டி அழுவுது, நீங்க ரெண்டு பேரும் செருப்புக் கத பேசி சிரிச்சினு இருக்கறீங்க?"

"அதான்ணே வைத்தியம்."

"நல்ல வைத்தியம்பா" என்று அவர் சாவிக்கொத்தை எடுத்தார். "எங்க வூட்டுக்காரம்மா எங்கிட்ட இப்டிப் பேசணும்னா எவன் வந்து அழணுமோ தெரியல."

வெளியே ஸ்கூட்டரில் தருண் முன்னால் நின்றுகொண்டான். சாந்தி பின்னால் ஏறினாள். கடைவீதி வரைக்கும் செருப்பு யாருடையது என்பது முடிவாகவில்லை. தருண் அம்மா கட்சி.